என் மெஷின், அவள் சீட்டு

அவளுக்கு அடிபட்டது என் மெஷினில். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவளுடைய சீட்டுக்கட்டைப் பற்றி வாய் ஓயாமல் பேசுகிறவர்கள் யாரும் இந்த ஒரு விஷயத்தை மட்டும் சொல்வதில்லை. அவளுக்குள் ஏதோ ஒரு வரம் இருந்ததாம், அது வெளியே வந்ததாம். யாருக்கு வர வேண்டிய வரம் என்று எனக்கல்லவா தெரியும்.

ஓசூர்த் தொழிற்பேட்டையில், இரு சக்கர வண்டிகளுக்குச் சின்னச் சின்னத் தகடுகள் அடித்துக்கொடுக்கும் ஒரு பட்டறையில் நாங்கள் இரண்டு பேரும் பவர் பிரஸ் ஓட்டினோம். இரண்டாயிரத்துக்குப் பிறகு, கலர் செல்போன் வந்த புதிது. ஜன்னல் ஓரத்துப் பிரஸ் என்னுடையது, அதற்கு அடுத்தது அவளுடையது. நான் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து கல்யாணம் ஆகி வந்தவள். என் வீட்டுக்காரருக்கு வேறொரு கம்பெனியில் மூன்று ஷிப்ட் மாறி மாறி வேலை. அவள் வேப்பனப்பள்ளிக்காரி, மாந்தோப்பு வைத்திருக்கும் குடும்பம், வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், சண்டை என்றால் கன்னடம். கல்யாணம் ஆகவில்லை. எங்கள் லைன் வீட்டிலேயே கடைசி அறையில் தங்கியிருந்தாள். என்னை அக்கா என்பாள். நானும் அவளை அப்படித்தான் வைத்திருந்தேன்.

படம் வரைவது அந்தப் பட்டறையில் நான் ஒருத்திதான். சின்ன வயதிலிருந்தே என் கை அச்சு மாதிரி இருக்கும் என்பார்கள். தெருக்காரப் பிள்ளைகளின் பள்ளிக்கூட ரெக்கார்டு நோட்டெல்லாம் என்னிடம்தான் வரும். தவளையின் குடலைக்கூட அளவு மாறாமல் போட்டுத் தருவேன். பட்டறையில் பாதுகாப்பு வாரம் வந்தால் பேனர் எழுத, ஹெல்மெட் போட்ட தொழிலாளியை வரைய, சூப்பர்வைசர் என்னைத்தான் தேடி வருவார். பரிசும் எனக்குத்தான். டிபன் டப்பா, இல்லாவிட்டால் ஒரு சுவர்க்கடிகாரம். போட்டிக்கு வேறு ஆள் இல்லை என்பது எனக்கும் தெரியும், இருந்தாலும் பரிசு பரிசுதானே.

அன்றைக்கும் அப்படித்தான் கூப்பிட்டார். ஆபீஸ் அறையில், ஏசி ஓட, நான் உட்கார்ந்து மஞ்சள் ஹெல்மெட்டுக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தேன். அவளுடைய மெஷினில் அச்சு மாற்றிக்கொண்டிருந்தார்கள். என் மெஷின் சும்மா நிற்கிறதே என்று அவளை அதில் உட்கார வைத்துவிட்டார்கள். இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் பிரஸ் இறங்க வேண்டும் என்பது விதி. ஆனால் எல்லா மெஷினிலும் ஒரு பட்டனில் மரக்குச்சி செருகித்தான் இருக்கும். இல்லாவிட்டால் அவர்கள் கேட்கிற கணக்கு வராது. ஒரு கை பட்டனில், ஒரு கை தகட்டில். தவிர ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு தாளம் உண்டு. என்னுடையது கொஞ்சம் அவசரக்காரி, அழுத்தி முடிப்பதற்கு முன்பே இறங்கிவிடும். எனக்குப் பழக்கம், அவளுக்குத் தெரியாது. ஹெல்மெட்டின் விளிம்பை முடிக்கும்போது வெளியே மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அவளுக்கு வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன.

பொறாமை அப்போதே வரவில்லை. நான் அவ்வளவு மோசமானவள் இல்லை. ஆஸ்பத்திரியில் கஞ்சி ஊட்டிவிட்டேன், தலை வாரிவிட்டேன், அவளுடைய அம்மா வேப்பனப்பள்ளியிலிருந்து வந்து நெஞ்சில் அடித்துக்கொண்டபோது கூடவே அழுதேன். பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டார் பொசுக்கென்று விலகிக்கொண்டார்கள். அவள் கையைத் துப்பட்டாவுக்குள் ஒளித்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஆள் முன்னால் சாப்பிட மாட்டாள். இல்லாத விரல் வலிக்கிறது என்பாள். அந்த நாட்களில் அவளைப் பார்த்து நான் பட்டதெல்லாம் வேதனைதான்.

கைக்குப் பயிற்சி கொடுக்க அவளைப் பெங்களூருக்கு அனுப்பினார்கள். வாரத்துக்கு ஒரு நாள் நான் கூடப் போவேன். அத்திப்பள்ளி சோதனைச் சாவடியில் பஸ் நிற்கும் நேரமெல்லாம் அவள் வாயைத் திறக்க மாட்டாள். அங்கே மணிக்கட்டு முறிந்து பயிற்சிக்கு வந்துகொண்டிருந்த ஒரு கன்னடத்து அம்மா, காத்திருக்கும் நேரத்தில் கைப்பையிலிருந்து ஒரு சீட்டுக்கட்டை எடுத்துப் பரப்புவார். ரம்மி ஆடுகிற சீட்டு இல்லை. ஒவ்வொன்றிலும் ஒரு படம். பாறை விளிம்பில் வானத்தைப் பார்த்துக்கொண்டு நடக்கிறவன், இடி விழுந்த கோபுரம், குதிரையில் வருகிற எலும்புக்கூடு. டாரட் என்று பெயராம்.

"கிளி ஜோசியக்காரன் அட்டை மாதிரியே இருக்குது. கிளி எங்கம்மா?" என்றாள் அவள். அடிபட்டதற்குப் பிறகு அவளாகக் கேட்ட முதல் கேள்வி அது.

அந்த அம்மா சிரித்து, "நீனே கிளி" என்றார். நீதான் கிளி. பிறகு அவளுடைய இடது கையில் ஒரு பென்சிலைக் கொடுத்து, "யோச்னெ மாடபேடா, பரி" என்றார். யோசிக்காதே, வரை. சீட்டு எதிர்காலத்தைச் சொல்லும் என்றெல்லாம் அவர் சொல்லவில்லை. ஒரு படத்தை எடுத்துப் பார்த்தால் மனசில் அடைத்துக்கொண்டிருப்பது வெளியே வரும், அவ்வளவுதான் என்றார். உன் சீட்டை நீயே வரைந்துகொள், ஊரில் பார்த்ததை, உடம்பில் பட்டதை வரை, அழகாக இருக்க வேண்டும் என்று எவளாவது சொன்னால் காதில் வாங்காதே என்றார். பக்கத்தில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் படம் வரையத் தெரியும் என்று கன்னடத்தில் எப்படிச் சொல்வது என்று தேடிக்கொண்டிருக்கும்போதே டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அட்டை வாங்கிக் கொடுத்தது நான். பட்டறையில் ஜாப் கார்டு என்று ஒன்று உண்டு. தகடு அடுக்கிய ஒவ்வொரு பெட்டியிலும் கம்பியால் கட்டித் தொங்கவிடுவார்கள். எந்தப் பீஸ், எத்தனை, அடித்தது யார் என்று எழுதுவதற்கு ஒரு பக்கம் அச்சடித்திருக்கும், மறுபக்கம் வெறுமையாக இருக்கும். கம்பி கோர்ப்பதற்கு மேலே நடுவில் ஒரு ஓட்டை. பழைய மாதிரி கார்டு கட்டுக் கட்டாக ஸ்டோரில் கிடந்தது. கெஞ்சி வாங்கி வந்தேன். கலர் பென்சிலும் என்னுடையதுதான். நானே உபயோகிக்காமல் பொத்தி வைத்திருந்த பெட்டி. அட்டை என்னுடையது, பென்சில் என்னுடையது, மெஷின் என்னுடையது. கை மட்டும்தான் அவளுடையது.

முதல் படத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. கையில் பென்சிலே பிடிக்காதவள், அதிலும் இடது கை. சானமாவுக் காட்டோரம் ஒருவன் சைக்கிளில் டிபன் கேரியரைத் தொங்கவிட்டுக்கொண்டு விசில் அடித்தபடி போகிறான், எதிரே யானை. யானைக்கு மூன்று கால்தான். கார்டின் ஓட்டையையே யானைக்குக் கண்ணாக வைத்திருந்தாள். அடுத்த படத்தில் கெலவரப்பள்ளி அணையில் மதகு திறந்திருந்தது, ஓட்டை நிலாவாகியிருந்தது. ஷிப்ட் பஸ் வரைந்தாள், ஓட்டை அதற்கு ஒற்றை ஹெட்லைட். மாங்கூழ்த் தொழிற்சாலை வாசலில் கொட்டிக் கிடக்கிற கொட்டைகளை வரைந்தாள். பசுமைக்குடிலுக்குள் ரோஜா வெட்டுகிற பெண்ணுக்கு முகமே போடவில்லை. எல்லாம் கோணல். பஸ் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, சக்கரம் முட்டை வடிவத்தில் இருந்தது.

"நல்லாருக்குதாக்கா?" என்பாள்.

"பழகப் பழக வந்துரும்டி" என்பேன் பெரிய மனசோடு. அந்த நாட்களில் எனக்கு அவள்மேல் அன்பு பொங்கி வழிந்தது.

அது நின்றது அந்த மாட்டைப் பார்த்தபோது. ஒரு கார்டில் ஒரு மாடு படுத்திருந்தது. வெயில், வேலியோர நிழல், ஓட்டை இருக்கிற இடத்தில் நெற்றிப்பொட்டு. அசை போட்டுக்கொண்டு என்னையே பார்த்தது. யார் வீட்டு மாடு என்று கேட்டேன்.

"மாடு இல்லக்கா. அது உன் மெஷின்."

பவர் பிரஸ்ஸைப் போய் யாராவது மாடாக வரைவார்களா? அவள் குனிந்தபடியே சொன்னாள். "அதுக்கு இன்னா தெரியும். வெச்சதைத் தின்னுது. அதும் மேல கோவிச்சிக்கினு நான் எத்தினி நாளைக்கி சொவத்தைப் பாத்துக்கினு ஒக்காந்திருக்கறது?"

அன்று மத்தியானம் அவள் துப்பட்டாவை உதறிவிட்டு, மூன்று விரலால் சோற்றைப் பிசைந்து, என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டாள். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். என் கண் மாட்டை விட்டு நகரவில்லை. எத்தனை வருஷமாக அந்த மெஷினோடு கிடக்கிறேன், அதன் ஒவ்வொரு போல்ட்டையும் கண்ணை மூடிக்கொண்டு வரைந்து காட்டுவேன். அது ஒரு மாடு என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? முதன்முதலாக வயிறு எரிந்தது அப்போதுதான். என் மெஷினில் நான் உட்கார்ந்திருந்தால் இந்தப் படம் எனக்கு வந்திருக்கும் என்று நினைத்தேன். நினைத்துவிட்டு என் வலது கையின் அந்த இரண்டு விரல்களையும் பார்த்தேன். விரல் போனாலும் பரவாயில்லை என்று தோன்றியது. அப்படித் தோன்றியது நிஜம்.

அவளுக்கு ஸ்டோரில் உட்கார்ந்த வேலை கொடுத்தார்கள். சாப்பாட்டு நேரத்தில், ஓட்டை வழியே நூல் கோர்த்து வைத்திருந்த சீட்டுக்கட்டைக் கொண்டுபோய் இரும்புக் கழிவு கொட்டுகிற இடத்துக்குப் பக்கத்துப் புங்கமரத்தடியில் உட்கார்ந்துகொள்வாள். முதலில் ஒருத்தி வந்தாள், பிறகு நாலு பேர், பிறகு பக்கத்துக் கம்பெனிப் பெண்களும் மதில் சுவர் ஓரமாக வந்தார்கள். சீட்டு எடுக்கச் சொல்வாள். எடுத்ததைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்வாள், மற்றதை அவர்களே சொல்வார்கள். முகமில்லாத ரோஜாக்காரியை எடுத்தவள் மாமியாரைப் பற்றி ஆரம்பித்தாள். மதகை எடுத்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்து போனாள். திருநெல்வேலிக்காரி ஒருத்தி, யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாதவள், மூன்று கால் யானையைக் கையில் வைத்துக்கொண்டு ஊரை விட்டு ஓடி வந்த கதையை முழுவதும் கொட்டினாள்.

பாதுகாப்பு வாரத்தில் என் பேனரைத் தாண்டி அத்தனை பேரும் நடந்துபோனார்கள். ஒருத்தியாவது நின்று பார்த்திருக்கிறாளா? "அக்கா சூப்பர்" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போவார்கள். சூப்பர் என்று சொல்வதற்கும் மூக்கை உறிஞ்சுவதற்கும் எவ்வளவு தூரம் என்று புங்கமரத்தடியைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. என் படத்தைப் பார்த்து ஒரே ஒருத்தி, ஒரே ஒரு தடவை, மனசு கலங்கினால் போதும் என்று ஆகிவிட்டது எனக்கு. அதற்கு மேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை, அதற்குக் குறைந்து எதுவும் போதவில்லை.

ஒரு நாள் வீட்டில் ஆளில்லாத நேரம் பார்த்து, வலது கையின் இரண்டு விரலையும் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, இடது கையில் பென்சிலைப் பிடித்து உட்கார்ந்தேன். யோச்னெ மாடபேடா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யோசிக்காமல் ஒரு பஸ் வரைந்தேன். வரைந்து முடித்துப் பார்த்தால் சக்கரம் வட்டமாக, ஜன்னல் வரிசையாக, கண்டக்டர் தலையில் வகிடு முதற்கொண்டு ஒழுங்காக இருந்தது. என் இடது கையும் அச்சு மாதிரி வரைகிற கை. ஆத்திரத்தில் கிழித்துப் போட்டேன், கட்டிய துணியை அவிழ்க்கத்தான் நேரம் பிடித்தது.

கோபம் அவள்மேல் திரும்பியது. காலையில் அவள் கூப்பிட்டால் காது கேட்காத மாதிரி போனேன். அவள் அறையில் பெண்கள் கூட்டமாய் இருந்தால் தண்ணீர்க் குடத்தை வேண்டுமென்றே ணங்கென்று வைத்தேன். "கிளி ஜோசியம் களை கட்டுது போல" என்று சொன்னேன். அவள் சிரித்தாள். அவள் சிரிக்கச் சிரிக்க எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

அப்படியிருக்கும்போது ஒரு நாள் சாயந்திரம் சீட்டுக்கட்டை எடுத்துக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வந்து நின்றாள்.

"பெங்களூர் அம்மா இதை அச்சுப் போடலாம்னு சொல்றாங்கக்கா. எனக்கு வெக்கமா இருக்குது. எல்லாம் கோணலும் மாணலுமா இருக்குது. நீ ஒரு வாட்டி சுத்தமா வரஞ்சி குடுக்கறயா?"

எனக்குத் தலைகால் புரியவில்லை. முகத்தை மட்டும் பிகுவாக வைத்துக்கொண்டு, "வேல கெடக்கு, பாக்குறேன்" என்றேன். கதவைச் சாத்தியதும் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டேன். ஆக, அவளே ஒத்துக்கொண்டுவிட்டாள். மனசில் இருப்பது அவளுடையதாகவே இருக்கட்டும், கை என்னுடையது. இனி அந்தப் பெண்கள் அழப்போவது என் கோடுகளைப் பார்த்து.

நல்ல சார்ட் அட்டை வாங்கி, ஸ்கேல் வைத்து ஒரே அளவில் வெட்டினேன். ஓட்டை எதற்கு, அசிங்கமாக? அதை விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சமையலைக் காலையிலேயே முடித்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன். "ரெக்கார்டு நோட்டு வேல மறுபடி ஆரம்பிச்சாச்சா?" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்தார். செய்யட்டும். மூன்று கால் யானைக்கு நாலாவது காலைக் கொடுத்தேன். சாய்ந்த பஸ்ஸை நிமிர்த்தினேன். ரோஜாக்காரிக்கு மூக்கும் முழியுமாக ஒரு முகம் வைத்தேன், காதில் ஜிமிக்கிகூடப் போட்டேன். மாட்டைத் தொடும்போது மட்டும் கை தயங்கியது. அதையும் வரைந்தேன், கொம்பு இரண்டும் ஒரே அளவாக. வரைய வரைய எனக்கே பெருமையாக இருந்தது. அவள் படத்தையும் என் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது நல்ல படம் என்று குழந்தையைக் கேட்டாலும் சொல்லும்.

முடித்துக் கொடுத்த அடுத்த ஞாயிறு, அவள் அறையில் வழக்கமாக வரும் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவள் என் கட்டை நடுவில் வைத்து, "இது எங்கக்கா வரஞ்சது" என்றாள். நான் கதவோரம் நின்றுகொண்டேன், ஒவ்வொரு முகமாகப் பார்க்க வசதியான இடம்.

திருநெல்வேலிக்காரி யானையை எடுத்தாள். "யம்மா, தத்ரூபமா இருக்கு" என்றாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "காலெண்டர்ல போடலாம்" என்றாள். கீழே வைத்துவிட்டு, நேற்று வந்த மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். இன்னொருத்தி ரோஜாக்காரியை எடுத்து, "ஜிமிக்கி டிசைன் நல்லாருக்கு, எங்க பார்த்தீங்க?" என்றாள். மதகை எடுத்தவள் தண்ணீருக்கு எந்த நீலம் போட்டேன் என்று கேட்டாள். எல்லாரும் என்னைப் புகழ்ந்தார்கள். அவ்வளவு பாராட்டு என் ஜென்மத்தில் ஒரே நாளில் வந்ததில்லை. ஒருத்தியின் கண்ணிலும் ஒரு சொட்டு இல்லை. டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். என் முகத்தில் ஈ ஆடவில்லை.

அவர்கள் போனபிறகு அவள் என் படங்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள். ஒரு படத்தில் கை நின்றது. எட்டிப் பார்த்தேன். 'கை' என்று அவள் பெயர் வைத்திருந்த சீட்டு அது.

அவளுடைய அசலில், அடிபட்ட வலது கையையே அட்டைமேல் வைத்து, இடது கையால் சுற்றிக் கோடு இழுத்திருந்தாள். கட்டைவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல். நடுவிரல் இருந்திருந்தால் அதன் நுனி எங்கே முடியுமோ, சரியாக அந்த இடத்தில் கார்டின் ஓட்டை. அதை நான் பார்த்துத்தான் வரைந்தேன். பார்த்து, யானைக்குக் கால் வைத்த அதே கையோடு, ஐந்து விரலையும் நகம், ரேகை, கணுவின் சுருக்கம் முதற்கொண்டு போட்டு வைத்திருந்தேன். வரைந்தபோது எனக்கு அது தெரியவே இல்லை. மேஜைமேல் இருந்த என் சொந்தக் கையைப் பார்த்து வரைந்தது மட்டும்தான் நினைவிருந்தது.

அவள் அழுவாள், இல்லை என் முகத்தில் வீசி எறிவாள் என்று நின்றேன். வீசியிருந்தால்கூட எனக்கு ஒரு மாதிரி திருப்தியாக இருந்திருக்கும். அவள் தன் கையை அந்தப் படத்தின்மேல் வைத்து அளந்து பார்த்தாள்.

"என் கை இத்தினி நீளம் இல்லக்கா" என்றாள். "இது உன் கை."

மீதியை ரப்பர் பேண்டு போட்டு என்னிடம் கொடுத்தாள். "ரொம்ப அழகா இருக்குதுக்கா, பொய் சொல்லல. ஆனா இதைப் பாத்தா யாரும் ஒண்ணும் பேச மாட்டேங்கறாங்க. கோணலே இருக்கட்டும்னு அந்தம்மாகிட்ட சொல்லிடறன். இதை மட்டும் நான் எடுத்துக்கறன்."

ஸ்டோரிலிருந்து கொண்டு வந்திருந்த பன்ச்சை எடுத்து, என் படத்தின் நடுவிரல் நுனியில் நறுக்கென்று ஓட்டை போட்டாள். எனக்குச் சுருக்கென்றது. "மத்ததோட சேத்துக் கோக்கணுமில்ல" என்றாள், மன்னிப்புக் கேட்கிற குரலில் இல்லை, சும்மா தகவல் சொல்கிற குரலில்.

நான் என் கட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து பரண்மேல் போட்டேன். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் பேச்சு இல்லை. என் பக்கம்தான் இல்லை, அவள் வழக்கம்போல அக்கா அக்கா என்றுதான் இருந்தாள். என்னை வெறுத்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

சீட்டு எடுக்கிற இடத்துக்கு நான் மறுபடி போனது, என் படம் யாருக்காவது வருகிறதா என்று பார்க்கத்தான். வேறு காரணம் சொன்னால் பொய். பல வாரம் வரவில்லை. கட்டைக் குலுக்கும்போது என் அட்டை மட்டும் கொஞ்சம் வெள்ளையாக, கனமாகத் தெரியும். விரல்கள் அதைத் தொட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். கெட்ட சகுனம் என்று நினைத்தார்களோ என்னவோ.

பிறகு ஒரு நாள் புதிதாக ஒரு பெண் வந்தாள். தர்மபுரிப் பக்கம், டிப்ளமா முடித்துவிட்டுப் பக்கத்துக் கம்பெனியில் பேக்கிங்கில் நிற்கிறவள். வந்ததும் ஒரு சீட்டை உருவினாள். என் கை. நான் மரத்தை விட்டு இரண்டடி முன்னால் வந்துவிட்டேன்.

"எல்லா விரலும் இருக்குது பாரு" என்றாள் இவள், கட்டை மடியில் வைத்துக்கொண்டு. "முழுக் கை. ஒரு கொறையும் இல்ல. இது வந்தா நல்லதுதான்."

அந்தப் பெண் தலையை ஆட்டினாள்.

"ஆனா இது எல்லாருக்கும் வராது. தன் கையை மடியில வெச்சிக்கினு, அடுத்தவங்க கையவே பாத்துக்கினு இருக்கறாங்க பாரு, அவங்களுக்குத்தான் வரும்."

அதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க வேண்டும் என்று முயற்சி செய்ததாகவும் தெரியவில்லை. அந்தச் சீட்டுக்கு அதுதான் அர்த்தம் என்று எப்போதோ முடிவு செய்து வைத்திருக்கிறாள். எனக்கு ஜிவ்வென்று மண்டைக்கு ஏறியது. அத்தனை பேர் முன்னால் அதைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டுவிடலாமா என்று வந்தது. கேட்டிருக்கலாம், எந்த உரிமையில் என் கைக்கு நீ அர்த்தம் சொல்கிறாய் என்று. ஆனால் அதற்குள் அந்தப் பெண்ணின் உதடு கோணிக்கொண்டது.

"எங்கக்கா..." என்று ஆரம்பித்தாள். அவளுடைய அக்கா ஒன்றும் படிக்காமல் இருந்தவளாம், தையல் பழகி, கடை வைத்து, இப்போது வீட்டில் எல்லாரும் அவளைத்தான் தாங்குகிறார்களாம். படித்த தன்னை யாரும் கேட்பதில்லை, அக்கா அன்போடு எடுத்துக் கொடுத்த சுடிதாரைக்கூடப் போட்டுக்கொள்ள முடியாமல் கத்தரியால் வெட்டிப்போட்டுவிட்டாளாம். சொல்லச் சொல்ல அழுகை முற்றியது. கட்டுப்படாமல், சத்தமாக, அந்த அட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள். கண்ணீர் ஆள்காட்டி விரலில் விழுந்து, நான் பார்த்துப் பார்த்துப் போட்ட ரேகை கரைந்தது.

என் படத்தைப் பார்த்து ஒருத்தி அழுதது அதுதான் முதல் தடவை. இதற்காகத்தானே அத்தனை நாள் கிடந்து புழுங்கினேன். நான் அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய் நின்றேன், நிமிர்ந்தால் என் முகம் தெரிகிற மாதிரி.

சங்கு ஊதியது. அந்தப் பெண் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, இவளுடைய மூன்று விரல் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "உங்க கை ராசியான கைக்கா" என்றாள். படம் யார் வரைந்தது என்று அவள் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை.